கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுக் கூடம்

13 வயது தாண்டிய பிள்ளை சாயங்காலம் எங்கே போகும்? பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று எந்த ஊரில் கேட்டாலும் பையன்களைப் பற்றி ஒரு பதில் கிடைக்கும். கடற்கரை, டீக்கடை பெஞ்சு, கிரிக்கெட் ஆடும் பொட்டல், தெருமுனை. பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் "வீட்லதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடி இருக்கிறது. பெரியவர்களுக்குச் சங்கக் கட்டிடம், கோயில் திண்ணை, பள்ளிவாசல் முற்றம், மாதா கோயில் வளாகம் எல்லாம் இருக்கின்றன. நடுவில் வரும் இந்த ஏழெட்டு வருடத்துக்கென்று நாம் ஓர் இடமும் ஒதுக்கவில்லை.

வேறு சில நாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். எல்லா வயதினரும் வரலாம் என்று கதவைத் திறந்துவைத்த, மது விற்காத, பெரும்பாலும் இளையவர்களே நடத்துகிற சின்ன இசைக்கூடங்கள். அப்படி ஒரு கூடம் எப்படி உண்டானது, எப்படி ஓடுகிறது, இராமநாதபுரம் கரையில் அமைந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை இதைப் பற்றி முதல்முறை கேள்விப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என்ன அது?

பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. நூறு பேர் நிற்கக்கூடிய ஒரு கூடம். ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு மேடை. இரண்டு ஸ்பீக்கர், மைக்குகளின் ஒலியைக் கலந்து கூட்டிக் குறைக்கும் மிக்சர் கருவி ஒன்று, நாலைந்து மைக். வாசலில் மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்து நுழைவுச்சீட்டு கொடுப்பார்கள். உள்ளே ஒரு மூலையில் தண்ணீர், டீ, பிஸ்கட். இன்னொரு மூலையில் பாய், கேரம் பலகை, கொஞ்சம் புத்தகங்கள். சனிக்கிழமை சாயங்காலம் மூன்று நான்கு குழுக்கள் ஆளுக்கு அரை மணி நேரம் வாசிக்கும். கேட்க வந்தவர்கள் கேட்பார்கள், பேச வந்தவர்கள் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். மற்ற நாட்களில் பள்ளி முடிந்து வருகிறவர்கள் அங்கே பயிற்சி எடுக்கலாம், வீட்டுப்பாடம் எழுதலாம், சும்மாவும் இருக்கலாம்.

சும்மா இருக்கலாம் என்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். டியூஷனில் மார்க் கேட்கிறார்கள், மைதானத்தில் ஜெயிக்கச் சொல்கிறார்கள், வீட்டில் வேலை சொல்கிறார்கள். எதையும் கேட்காமல் இரண்டு மணி நேரம் இருக்கவிடுகிற இடம் இந்த வயதில் அபூர்வம். பாட்டு அங்கே கூடுவதற்கு ஒரு காரணம். பாடத் தெரியாத பிள்ளைக்கும் அங்கே இடம் உண்டு.

இதை மற்ற அரங்குகளிலிருந்து பிரித்துக் காட்டுபவை இரண்டு. மது கிடையாது. அப்புறம், நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுப் பிள்ளைகளே. யார் வாசிக்கலாம் என்று முடிவு செய்வது, போஸ்டர் வரைவது, மிக்சரில் உட்காருவது, காசு எண்ணிக் கணக்கு எழுதுவது, கடைசியில் கூட்டிப் பெருக்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. சாவி, வாடகை ஒப்பந்தம், முதலுதவி, தகராறு வந்தால் நடுவில் நிற்பது ஆகியவற்றைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் நாம் எப்போதும் கோட்டை விடுகிறோம். பிள்ளைகளுக்கென்று விழா வைப்போம். விருந்தினர் ஒரு மணி நேரம் பேசுவார், பிள்ளை மூன்று நிமிடம் ஆடிவிட்டு இறங்கும், பரிசு கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவோம். அந்த மூன்று நிமிடத்தையும் பெரியவர்கள்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது பிள்ளைகளுடைய இடமாக ஆகிவிடாது.

மது விற்காமல் வாடகை எப்படி வரும்?

இந்தக் கேள்வியிலிருந்துதான் இப்படிப்பட்ட கூடங்களின் கதையே தொடங்குகிறது. அமெரிக்காவில் சின்ன இசை அரங்குகள் பெரும்பாலும் மதுக்கூடங்கள். டிக்கெட்டில் வருவது வாசிப்பவர்களுக்குப் போகும், கடைக்காரர் மது விற்று வாடகை கட்டுவார். மது வாங்கும் வயது 21 என்று 1984இல் நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்க மத்திய அரசு சட்டம் போட்டது. அதனால் பல அரங்குகளின் வாசலில் 21க்குக் கீழே அனுமதி இல்லை. 16 வயதில் கிடார் வாசிக்கிற பிள்ளை தன் ஊர்க் குழுவின் பாட்டைக்கூட நேரில் கேட்க முடியாது, மேடையில் ஏறுவது இன்னும் கஷ்டம். அந்தச் சட்டத்துக்கு முன்பே சில அரங்குகள் ஒரு வழி செய்தன: வயது குறைந்தவர்களின் புறங்கையில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள், குறி உள்ளவருக்கு மது கொடுக்க மாட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரத்து பங்க் ராக் இசை இளைஞர்கள் அந்தக் குறியையே 'நாங்கள் குடிக்க மாட்டோம்' என்ற பெருமைச் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள்.

மதுவே வேண்டாம் என்று தனியாகக் கூடம் போட்டவர்களில் புகழ்பெற்றது கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் கில்மன் தெரு 924ஆம் எண் கட்டிடம். 1986 டிசம்பர் 31 இரவு திறந்தார்கள். உறுப்பினர் அட்டைக்கு ஆண்டுக்கு 2 டாலர்தான் வாங்கினார்கள். மது கூடாது, போதைப்பொருள் கூடாது, சண்டை கூடாது, இனவெறியும் பெண்களை இழிவு செய்வதும் கூடாது என்று விதிகளைச் சுவரிலேயே எழுதிவைத்தார்கள். வேலை செய்கிறவர்கள் தன்னார்வலர்கள், முடிவெடுப்பது உறுப்பினர் கூட்டத்தில். பிறகு உலகமே அறிந்த கிரீன் டே குழு தொடக்க காலத்தில் வாசித்த மேடை அது. பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட குழுக்கள் அங்கே வாசிக்கக் கூடாது என்பது கூடத்தின் விதி. கிரீன் டே அப்படி ஒப்பந்தம் போட்டதும் அவர்களுக்கும் அதே விதிதான். புகழ் வந்துவிட்டது என்று மேடையைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அடுத்த 15 வயதுக் குழுவுக்கு இடம் இருக்காது. கடுமையான விதிதான், ஆனால் எனக்கு அதில் நியாயம் தெரிகிறது.

சியாட்டில் நகரத்தில் நடந்ததும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. பிள்ளைகளைப் பாதுகாக்கிறோம் என்று 1985இல் அந்த நகரம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இளையவர்கள் கூடும் நடன நிகழ்ச்சி நடத்த வேண்டுமானால் 10 லட்சம் டாலருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும், பணிநேரம் முடிந்த போலீஸாரைக் காவலுக்கு அமர்த்த வேண்டும். சின்ன அமைப்பாளர்களால் கட்டுப்படியாகவில்லை. சட்டப்படி நடத்துவது கிட்டத்தட்ட முடியாமல் போனது. பிள்ளைகள் பாட்டை விட்டுவிடவில்லை, மேற்பார்வை இல்லாத இடங்களுக்குப் போனார்கள். 2001இல் அங்கே வீரா பிராஜெக்ட் என்ற கூடம் தொடங்கியது. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரத்தில் தன்னார்வலர்கள் நடத்தும் வீரா என்ற பழைய இசைக்கூடத்தைப் பார்த்துத்தான் பெயரும் வைத்தார்கள். மேடையோடு நிற்காமல் ஒலியமைப்பும், துணியில் காகிதத்தில் அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 2002இல் அந்தப் பழைய சட்டமும் போனது. தடுப்பதையே பாதுகாப்பு என்று எண்ணியதில் அந்த ஊர் 17 வருடம் இழந்தது.

சரி, பணம்? இப்படிப்பட்ட கூடங்கள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகப் பல பக்கமிருந்து சேர்க்கின்றன. நுழைவுச்சீட்டு, உறுப்பினர் கட்டணம், டீயும் தின்பண்டமும், நன்கொடை, சில இடங்களில் நகராட்சி தரும் கட்டிடம். லாபம் வராது. லாபம் வரும் என்று நினைத்து இறங்குகிறவர் ஆறு மாதத்தில் மது விற்பதைப் பற்றியோ டிக்கெட் விலையை ஏற்றுவதைப் பற்றியோ யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

நம்மிடம் ஏற்கெனவே இருப்பது

இதையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று தள்ள வேண்டாம், அப்படியே இறக்குமதி செய்யவும் வேண்டாம். எல்லா வயதினரும் சேர்ந்து பாட்டுக் கேட்பது நமக்குப் புதிதில்லை. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும் தங்கச்சிமடம் சந்தியாகப்பர் திருவிழாவுக்கும் ஊர் அம்மன் பொங்கலுக்கும் கைக்குழந்தையோடு குடும்பம் குடும்பமாகப் போகிறோம். அமெரிக்கப் பிள்ளைக்கு இல்லாத அந்தப் பேறு நம் பிள்ளைக்கு இருக்கிறது.

ஆனால் திருவிழா வருடத்துக்கு ஒரு தடவை. மேடை, காசு கொடுத்துக் கூப்பிட்ட இன்னிசைக் குழுவுடையது. பிள்ளைகள் கீழே நின்று கைதட்டுவார்கள். இரவு பதினொன்றுக்கு மேல் குடித்துவிட்டு ஆடுகிறவர்கள் முன்னால் வந்துவிடுவார்கள், பெண் பிள்ளைகளை அம்மாக்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். நமக்கு வேண்டியது வாராவாரம் வருகிற, வெளிச்சம் இருக்கும்போதே முடிகிற, போதை இல்லாத, பிள்ளைகள் கையில் மைக் இருக்கிற ஒரு சாயங்காலம்.

வாசிக்க ஆள் இருக்கிறார்களா என்று கேட்பவர்கள் இந்தக் கரையைச் சரியாகக் கேட்டதில்லை. ஞாயிறு பூசையில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளை இருக்கிறது. தஃப் மேளம் அடிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். பறையும் உருமியும் ஒயிலாட்டமும் தெரிந்த ஊர்கள் உள்ளே போகப் போக இருக்கின்றன. இராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசை, நாதசுரம், தவில், மிருதங்கம் எல்லாம் கற்றுத்தருகிறார்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் ஜெயித்த பிள்ளைக்கு அடுத்த மேடை எங்கே என்றால் அடுத்த வருடக் கலைத் திருவிழாதான். போன்லேயே தாளம் செய்து ராப் எழுதுகிற பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு இன்னும் சில தாத்தாக்களுக்கு நினைவிருக்கிறது. பேரப்பிள்ளை அதைக் கேட்டுத் தன் தாளத்தில் போட்டால் என்ன வரும் என்று எனக்குப் பெரிய ஆவல். மண்டபம் மறுவாழ்வு முகாமின் பிள்ளைகள் இலங்கையின் பைலா மெட்டைக் கொண்டுவருவார்கள். இவர்கள் எல்லாரும் ஒரே மேடையில் அடுத்தடுத்து ஏறுகிற இடம்தான் இன்று இல்லை.

பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை எஃப்எம் 90.4ஐயும் சொல்ல வேண்டும். மீனவர்களுக்கென்றே 2016இல் தொடங்கிய சமுதாய வானொலி அது. இதே கரையில் நம் ஆட்களே மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்தமுடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று வேண்டாம். கூடத்தில் பதிவு செய்த பாட்டுகளை அப்படி ஒரு வானொலியிடம் கொண்டுபோய்க் கேட்டுப் பார்க்கலாம்.

பாதுகாப்பு என்றால் எதெல்லாம்?

வாசலில் ஒரு வாட்ச்மேன், சுவரில் ஒரு கேமரா என்று நினைத்தால் போதாது. நான் இதைப் பெண் பிள்ளையின் பக்கத்திலிருந்துதான் பார்ப்பேன். 15 வயதுப் பெண் வரத் தயாராக இருக்கிற கூடம் எல்லாருக்கும் பாதுகாப்பானதாக இருக்கும். பையன்கள் மட்டும் வருகிற கூடம் ஆறு மாதத்தில் இன்னொரு தெருமுனை ஆகிவிடும்.

அவள் வரவேண்டுமானால் முதலில் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற, குப்பைக்கூடை வைத்த கழிவறை வேண்டும். பல நல்ல முயற்சிகள் இது ஒன்று இல்லாமலே செத்திருக்கின்றன. அடுத்தது போகவர வழி. பஸ் ஸ்டாப்பிலிருந்து கூடம் வரை விளக்கு எரிய வேண்டும், கடைசி பஸ்ஸுக்கு முன் நிகழ்ச்சி முடிய வேண்டும். மூன்றாவது போன். நம் ஊர் அம்மாக்களின் பெரிய பயம், பிள்ளையின் படம் இன்ஸ்டாவில் வந்து நாலு பேர் பேசுவதுதான். அந்தப் பயத்தைப் பழமை என்று ஒதுக்குவதில் அர்த்தமில்லை. உள்ளே யாரையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, மேடையில் இருப்பவர் சம்மதித்தால் மட்டும் கூடத்தின் ஒரே கேமராவில் பதிவு என்று விதி வைத்துவிடலாம். வாசலிலேயே போனை உறையில் போட்டு வாங்கிவைக்கிற கூடமும் நடத்தலாம். இந்த விஷயத்தில் கண்டிப்பு அதிகமானாலும் பரவாயில்லை.

வாசல் மேசையில் உட்காரும் பிள்ளைக்குப் பேசத் தெரிய வேண்டும். "பிள்ளைய எப்ப விடுவீக?" என்று ஓர் அம்மா வந்து கேட்டால், "ஆறு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும்க்கா, நீங்களும் உள்ள வந்து பாருங்க" என்று சொல்லி ஒரு டீ கொடுக்க வேண்டும். முதல் சில வாரம் அம்மாக்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

பெரியவர்களுக்கும் விதி வேண்டும். பொறுப்பில் இருக்கிற எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைதான். குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098ஐச் சுவரில் பெரிதாக எழுதிவைக்க வேண்டும். கழிவறைக் கதவின் உள்பக்கமும் எழுதிவையுங்கள், யாரும் பார்க்காமல் படிக்கமுடிகிற இடம் அதுதான்.

கூல் லிப் என்ற புகையிலை, சிகரெட், கஞ்சா, மது எதுவும் உள்ளே வரக்கூடாது. அப்படி ஒன்றோடு பிடிபட்ட பிள்ளையை நிரந்தரமாகத் துரத்திவிடலாமா? கூடாது என்பது என் எண்ணம். அன்று வீட்டுக்கு அனுப்பலாம், சில வாரம் கழித்து ஒரு வேலை கொடுத்துத் திரும்பக் கூப்பிடலாம். இடம் அதிகம் தேவைப்படுவதே அவனுக்குத்தான். ஐஸ்லாந்து இதில் ஒரு பாடம். 1998இல் அங்கே 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய மாதத்தில் போதையாகக் குடித்திருந்தார்கள், 2016இல் அது 5 விழுக்காடு. இரவு வெளியே சுற்றும் நேரத்துக்குக் கட்டுப்பாடு, பெற்றோரின் உறுதிமொழி என்று பலவும் செய்தார்கள். அவற்றோடு விளையாட்டும் இசையும் கலையும் கற்க அரசே பணம் கொடுத்தது. கட்டுப்பாட்டை மட்டும் போட்டிருந்தால் இவ்வளவு நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

கில்மன் தெருவில் இனவெறி கூடாது என்று சுவரில் எழுதினார்கள். நம் சுவரில் சாதி என்று எழுத வேண்டும். நாங்குநேரியில் பள்ளி மாணவர் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. கூடத்திலும் அதுவே விதியாக இருக்கட்டும்: கையில் சாதிக் கயிறு வேண்டாம், மேடையில் சாதிப் பெருமைப் பாட்டு வேண்டாம். இந்த மாவட்டத்தில் இதைப் பூசி மெழுகினால் கூடம் ஒரு தெருக்காரர்களுடையதாக ஆகிவிடும், மற்றத் தெருப் பிள்ளைகள் எட்டிப்பார்க்க மாட்டார்கள். மதத்துக்கும் அப்படியே. தேவாரம் பாடலாம், தஃப் அடிக்கலாம், மாதா பாட்டு பாடலாம். அடுத்தவரை இழிக்கிற பாட்டு மட்டும் கூடாது.

தீயைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மாட்டேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை எரிந்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். 2004இல் கும்பகோணத்தில் பள்ளி எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். 2016இல் அமெரிக்காவின் ஓக்லண்டில் வெளியேற முறையான வழியில்லாத ஒரு கிடங்கில் இசை நிகழ்ச்சி நடந்தபோது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். எனவே கீற்றுக் கொட்டகை வேண்டாம். வெளியே திறக்கிற இரண்டு வாசல், நிகழ்ச்சி நேரத்தில் எதுவும் பூட்டியிருக்கக் கூடாது, எத்தனை பேருக்குமேல் விடக்கூடாது என்று ஓர் எண்ணிக்கை, அதற்குமேல் வந்தால் அமைச்சர் மகனாக இருந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

சத்தம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரிய ஸ்பீக்கர் வாங்கத்தான் முதலில் ஓடுவார்கள். நூறு பேர் கூடத்துக்கு அது தேவையே இல்லை. இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறை வெளியிட்டது. காதுக்கு ஓய்வு தர ஓர் அமைதியான மூலையும் இருக்க வேண்டும் என்கிறது. கேட்கும் திறன் போனால் திரும்பாது. நம் திருவிழாவில் ஸ்பீக்கர் வாயில் பிள்ளைகள் நிற்பதைப் பார்க்கும்போது எனக்குப் பதறும்.

அக்கம்பக்கத்துக்கும் கணக்கு உண்டு. ஒலி மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் அளவு. பள்ளி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். சாயங்காலம், மூடிய கூடம், அளவான சத்தம் என்று போனால் தகராறு வராது. ஆனாலும் தொடங்குவதற்கு முன் பக்கத்து வீடுகளுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சிமெண்ட் சுவரும் தகரக்கூரையும் சத்தத்தை அடித்துத் திருப்பும், பாட்டு வார்த்தை புரியாது. வலையைத் தொங்கவிட்டால் அழகாக இருக்கும், எதிரொலி குறையாது. கனத்த துணி, கயிற்றுப் பாய், பழைய மெத்தை இவைதான் உதவும். மைக் 'கூ' என்று ஊளையிடுகிறதே, அது மைக் தானே ஸ்பீக்கரின் சத்தத்தை வாங்கித் திரும்ப ஸ்பீக்கருக்கு அனுப்பி, சுற்றிச் சுற்றிப் பெருக்குவதால் வருவது. ஸ்பீக்கரைப் பாடுகிறவருக்கு முன்னால் தள்ளி வைத்தாலே பாதி சரியாகும். உப்புக்காற்று மின்சார இணைப்புகளைத் தின்றுவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, மூடிய பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு வைக்க வேண்டும். எர்த் சரியில்லாத இடத்தில் கிடாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதட்டை வைத்தால் ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் பார்த்து, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி ஒன்று மாட்டாமல் முதல் நிகழ்ச்சி நடத்த வேண்டாம்.

இதையெல்லாம் சொல்லித்தர எல்லா ஊரிலும் ஒரு மைக்செட்காரர் இருக்கிறார். விசைப்படகில் புதிதாக ஏறுகிறவர் டிரைவர் பக்கத்தில் நின்றே கை பழகுவது மாதிரி, நாலு பிள்ளைகள் அவர் பக்கத்தில் நின்றால் ஒரு சீசனில் மிக்சர் பழகிவிடும். அதில் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கட்டும். அமெரிக்காவின் போர்ட்லண்டில் 2001இல் பெண் பிள்ளைகளுக்கென்று ஓர் இசை முகாம் தொடங்கினார்கள். வாத்தியம் தொட்டே பார்க்காத பிள்ளைகளும் சேரலாம், குழு அமைத்துச் சொந்தமாகப் பாட்டு எழுதி, முகாம் முடியும்போது மேடையில் வாசிப்பார்கள். பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது. மிக்சருக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே அடுத்த வாரம் வாசலுக்கு வருகிற பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை மாறும் என்று நம்புகிறேன்.

எங்கே, எப்போது?

புதுக் கட்டிடம் கட்டக் காத்திருந்தால் பிள்ளைகளுக்குக் கல்யாண வயது வந்துவிடும். கரையோரம் வலை பின்னும் கூடங்கள் இருக்கின்றன, சமுதாயக் கூடங்கள் இருக்கின்றன, புயலுக்கு ஒதுங்கப் பல்நோக்கு மையங்கள் கட்டியிருக்கிறார்கள். புயல் மையம் பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கும். திடமான கட்டிடம், கழிவறையும் தண்ணீரும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் அதைத் தொடக்கூடாது, எச்சரிக்கை வந்த நிமிடம் காலி செய்ய வேண்டும். மற்ற மாதங்களில் சனிக்கிழமை மட்டும் கொடுங்கள் என்று பஞ்சாயத்து மூலம் மாவட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கேட்கலாம். அடிக்கடி திறந்து கூட்டிப் பெருக்கி விளக்கு போட்டுப் பார்க்கிற கட்டிடம் புயல் அன்றைக்கும் நன்றாக வேலை செய்யும். இதைச் சொல்லியே கேட்கலாம்.

நேரம் இந்தக் கரையின் நாளோடு பொருந்த வேண்டும். சனிக்கிழமை மூன்றரைக்குத் தொடங்கி ஆறு மணிக்குள் முடித்தால் மஃரிப் தொழுகைக்கு முன் கீழக்கரைப் பிள்ளை வீட்டில் இருக்கும், ஞாயிறு பூசைக்கும் இடைஞ்சல் இல்லை. ரமலான் மாதம் நிறுத்திவைக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறதே, அதுதான் தொடங்கத் தோதான காலம். அதில் பெரும்பகுதி பள்ளி விடுமுறை, விசைப்படகுக்குப் போகும் அப்பாக்களும் கரையில் இருப்பார்கள். கையில் காசு குறைவான காலமும் அதுவே, ஆகவே அந்த இரண்டு மாதமும் நுழைவுச்சீட்டு வேண்டாம்.

முதல் மாதம் கச்சேரியே வேண்டாம் என்பேன். பாய், கேரம், ஒரு கீபோர்டு, ஒரு பறை, ஒரு மைக் போதும். பிள்ளைகள் வரட்டும், பழகட்டும், விதிகளை அவர்களே உட்கார்ந்து எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்த விதியை மீறுவார்கள், அவர்கள் எழுதியதை அவர்களே காவல் காப்பார்கள். இரண்டாவது மாதம் ஒரு சாயங்காலம், மூன்று குழு, ஆளுக்கு பதினைந்து நிமிடம். கணக்கு நோட்டை ஒரு பெண் பிள்ளையும் ஒரு பையனும் சேர்ந்து எழுதி, மாதக் கடைசியில் வாசலில் ஒட்டட்டும். 20 வயது ஆனவர் பொறுப்பைவிட்டு இறங்க வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள். இறங்குவதற்கு முன் மூன்று மாதம் பக்கத்தில் ஒரு 14 வயதுப் பிள்ளையை வைத்து மிக்சரையும் கணக்கையும் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.